நஞ்சுண்டன் கேட்டு வந்த விலைகள்

நஞ்சுண்டன் தன் இளவயதெல்லாம் பஞ்சுக்குள் இருந்தவன். சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் புளோரூம் வேலை. பஞ்சுப் பேல்களைப் பிரித்து எந்திரத்துக்குள் தள்ளும் அந்தக் கூடத்தில் நட்டநடுப் பகலிலும் வெள்ளை மூட்டம் ஒன்று மிதந்துகொண்டே இருக்கும். பக்கத்தில் நிற்கிறவனின் முகம்கூடக் கரைந்துதான் தெரியும். கை தன்பாட்டுக்கு வேலை செய்யும். மனது எங்கோ போய்விட்டு, சங்கு ஊதும்போது திரும்பி வரும். என்ன நினைத்தாய் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது.

சம்பளக் கவரைப் பிரிக்காமலே மனைவி மாரியாத்தாளிடம் கொடுத்துவிடுவான். உப்பு என்ன விலை, புளி என்ன விலை என்று அவன் கேட்டதில்லை. தட்டில் சோறு வரும், சாப்பிடுவான்.

தொண்ணூற்றைந்தில் மில்லைப் பூட்டினார்கள். இன்று திறக்கும், நாளை திறக்கும் என்று மில் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். மாரியாத்தாள் காத்திருக்கவில்லை. கணபதியில் ஒரு மோட்டார் பட்டறையில் செம்புக் கம்பிக் காயில் சுற்றும் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். சனிக்கிழமை தோறும் கூலி. முதல் கூலி வந்த அன்று அதில் பாதியை அவன் கையில் வைத்தாள்.

"ஏனுங்க, சோறும் நானே ஆக்கி வேலைக்கும் நானே போறேன். கடைகண்ணிக்காவது நீங்க போய்ட்டு வாங்க. இது அடுத்த சனிக்கெழம வரைக்கும் வரோணும்."

அவன் போனான். காய்கறிக் கடைகளின் வரிசையை அவ்வளவு பக்கத்தில் அன்றுதான் பார்த்தான். பஞ்சின் வெள்ளையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த நிறங்கள் தாங்கவில்லை. தண்ணீர் தெளித்த கத்திரிக்காய்க் குவியலின் மேல் வெயில் விழுந்து ஊதா நிறம் அசைந்தது. அதையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். கடைக்காரர் சொன்ன விலையைக் கொடுத்து ஒரு பை நிறைய வாங்கினான். அப்புறம் நீலகிரிப் பேரிக்காய், அப்புறம் சிவந்த முள்ளங்கி.

பையைக் கவிழ்த்ததும் ஒன்பதாவது படிக்கும் மகள் பூங்கோதை விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பா, இத வெச்சு என்னப்பா ஆக்கறது? கொலு வெக்கலாம்!"

மாரியாத்தாள் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. செம்புக் கம்பி இழுத்துக் காய்த்துப்போன விரல்களை வெந்நீரில் நனைத்தபடி உட்கார்ந்திருந்தாள். புதன்கிழமையே பணம் தீர்ந்துவிட்டது. மூலையிலிருந்த மளிகைக் கடையில் அவள் போய்க் கடன் சொல்லிப் பருப்பு வாங்கி வந்தாள். அவள் தலை குனிந்து படியேறியது அவன் மனதில் தைத்தது.

அதற்குப் பிறகு அவன் கேட்காமல் எதையும் வாங்கவில்லை. கேட்பதற்காகவே நடந்தான். சிங்காநல்லூரில் கேட்டதை உக்கடத்தில் கேட்டான், உக்கடத்தில் கேட்டதை டவுன்ஹால் மார்க்கெட்டில் கேட்டான். முதலில் கடைக்காரர்கள் எரிந்து விழுந்தார்கள். "வாங்கறதுன்னா கேளப்பா, சும்மா வந்து வந்து கேட்டீன்னா?" என்றார்கள். அவன் கோபித்துக்கொள்ளாமல் மறுநாளும் வந்து நின்றான். கொஞ்ச நாளில் அவன் முகத்தைப் பார்த்ததுமே விலையைச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

எதையும் எழுதி வைக்கிற பழக்கம் அவனுக்கு இல்லை. விலைகள் அவனுக்கு எண்களாக நினைவிருக்கவில்லை, பருவம்போல் நினைவிருந்தன. மார்கழிப் பனியில் தக்காளி கீழே இறங்கி வரும், சித்திரையில் மேலேறி எங்கோ போய் உட்கார்ந்துகொள்ளும். காற்றடிக்கிற ஆடியில் முருங்கைப்பூ உதிரும், அதன் பின்னாலேயே முருங்கைக்காய் விலை ஏறும். எந்தச் சரக்கு எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கேட்டுக் கேட்டு, போகாத ஊர்களின் மழையும் வெயிலும் அவனுக்குத் தெரிந்துபோயின.

பொழுது சாய்ந்து மாரியாத்தாள் வருவாள். சேலையில் வார்னிஷ் வாசம் அடிக்கும். சாப்பிட்டு முடித்துப் பாயில் சாய்ந்ததும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து அன்றைய விலைகளைச் சொல்வான்.

"கிணத்துக்கடவுல பனி எறங்கியிருக்குது அம்மணி. தக்காளி பெட்டி பெட்டியா வந்துட்டே இருக்குது. நாளைக்கு வாங்க வேண்டாம். நாளன்னிக்குப் பாரு, ஒன்ற ரூபாய்க்கு வந்துரும்."

"ம்."

"மேட்டுப்பாளையத்துல கெழங்கு லாரி நெறைய நிக்குதாமா. மலைல மண்ணு ஈரமா இருக்கயிலயே தோண்டிப்போட்டாங்களாட்ட இருக்குது. மூட்டைக்குள்ள கைய வுட்டா ஜில்லுன்னு இருக்குது."

"ம்..."

அதற்குள் அவள் தூங்கிப்போயிருப்பாள். அவன் குரலைத் தாழ்த்தி, பீன்ஸையும் தேங்காயையும் மீதியும் சொல்லி முடித்துவிட்டுத்தான் விளக்கை அணைப்பான். பட்டறைச் சத்தம் காதில் இரைந்துகொண்டிருந்த அந்த நாட்களில் வேறெதுவும் அவளைத் தூங்க வைக்கவில்லை என்று பின்னாளில் அவளே சொன்னாள்.

வாரக்கூலி சனிக்கிழமை வரை வந்தது. பிறகு சனிக்கிழமையைத் தாண்டியும் சில்லறை மிஞ்சியது. மளிகைக் கடன் தீர்ந்தது. மாம்பழம் மலிந்த ஒரே ஒரு வாரத்தில் அவன் கூடையோடு வாங்கி வந்தான். மூவரும் முழங்கை வரை சாறு ஒழுகத் தின்றார்கள்.

உக்கடத்தில் உம்மல் குல்சும் என்ற அம்மாள் வெங்காயமும் பூண்டும் விற்றாள். நஞ்சுண்டனைவிடப் பத்து வயது மூத்தவள், கணவனை இழந்தவள், சாக்கு விரித்துத் தரையில் கடை. ஒருநாள் அவள்தான் அவனிடம் திருப்பிக் கேட்டாள்.

"தம்பி, நீ ஊரெல்லாஞ் சுத்தற. டவுன்ஹால்ல சின்ன வெங்காயம் என்ன போகுது?"

அவன் சொன்னான். அவள் அன்றைய விலையை அதற்கேற்ப வைத்தாள். அடுத்தடுத்த கடைக்காரர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். தொண்ணூற்றெட்டாம் ஆண்டுத் தொடக்கத்தில் குண்டுகள் வெடித்து ஊர் கதவடைத்துக் கிடந்தபோது குல்சும்மாவின் சாக்கு பல நாள் விரிக்கப்படவில்லை. மறுபடி விரித்த அன்று முதல் ஆளாகப் போய் நின்றவன் நஞ்சுண்டன். விலை கேட்கவில்லை. "நல்லாருக்கீங்ளாக்கா?" என்று மட்டும் கேட்டான்.

அவனைப் பற்றிய பேச்சு மேட்டுப்பாளையம் ரோட்டில் வெங்காய மண்டி வைத்திருந்த சென்னகிருஷ்ணன் காதுக்குப் போனது. அவர் கூப்பிட்டனுப்பினார்.

"ஏப்பா, சும்மா சுத்தறத எனக்காகச் சுத்து. விடியால தோட்டந்தொறவுப் பக்கம் போ. எங்க அறுவடை, எங்க மழைன்னு பாத்து எனக்கு ஃபோன் பண்ணு. மாசச் சம்பளம் தாரேன்."

அவனுக்கு நம்பவே முடியவில்லை. விரும்பிச் செய்வதற்குச் சம்பளம்! முதல் பஸ்ஸில் ஏறி ஒருநாள் மேட்டுப்பாளையம், ஒருநாள் தொண்டாமுத்தூர் என்று போனான். ஜன்னலுக்கு வெளியே தென்னந்தோப்புகள் பனிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக எழுந்து வரும். மலை இருக்கும் இடத்தில் மேகம்தான் இருக்கும். தொண்டாமுத்தூரில் தம்பிதுரை என்கிற விவசாயி அவனுக்குப் பழக்கமானார். அவர் மனைவி சுப்பாத்தாள் மோர் கொடுப்பாள். வரப்பில் நின்று வெங்காயத் தாளின் நிறத்தைப் பார்த்தே அறுவடை எப்போது என்று சொல்லக் கற்றுக்கொண்டான். பிறகு டெலிஃபோன் பூத்துக்கு நடந்து, காசு போட்டு, மண்டிக்குச் சேதி சொல்வான்.

அந்த ஐப்பசியில் நாடு முழுக்க வெங்காயம் ஏறியது. வடக்கே பெய்த மழையில் பெரிய வெங்காயம் அழுகிப்போனதாகச் சொன்னார்கள். எல்லாரும் சின்ன வெங்காயத்தின் பக்கம் திரும்பினார்கள். ஒருநாள் காலை, மூன்று ஊர் சுற்றிவிட்டு நஞ்சுண்டன் ஃபோன் செய்தான்.

"எங்கயும் வரத்து இல்லீங் மொதலாளி. வெங்காயக் காட்டுல தண்ணி நிக்குது. இப்பத்திக்கு வராதாட்ட இருக்குது."

"அப்படியா? நல்லது, நல்லது," என்றார் சென்னகிருஷ்ணன்.

என்ன நல்லது என்று அவனுக்குப் புரியவில்லை. மண்டிக்குப் போனபோது புரிந்தது. கதவு பாதி இறக்கப்பட்டிருந்தது. உள்ளே இருட்டில் மூட்டைகள் கூரை வரை அடுக்கியிருந்தன. விற்பனை இல்லை என்று ஆட்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ரெண்டே நாளில் விலை மூன்று மடங்கு ஆனது.

உக்கடத்தில் குல்சும்மாவின் சாக்கின் மேல் இரண்டு கைப்பிடி வெங்காயம்தான் இருந்தது. ஒரு பெண் குழந்தையை இடுப்பில் வைத்தபடி குனிந்து நாலு வெங்காயத்தைப் பொறுக்கினாள். விலை கேட்டாள். ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்துவிட்டுப் போனாள்.

"மண்டில சரக்கே இல்லீங்கறாங்க தம்பி. நெசமாவா?" என்று கேட்டாள் குல்சும்மா.

அவன் திரும்பி வீட்டுக்கு நடந்தான். அன்றைக்கு மாரியாத்தாள் பாயில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அவன் தக்காளி சொன்னான், கிழங்கு சொன்னான், பூசணி சொன்னான்.

"வெங்காயம்?"

அவன் விளக்கை அணைக்க எழுந்தான்.

"ஏனுங்க, வெங்காயம் என்ன வெல? சொல்லுங்க. நாளைக்கு வாங்கோணுமல்ல."

"நான் முந்தாநேத்து ஒரு சேதி சொன்னேன் மாரி. ரெண்டு நாள்ல அது வெலையாகி நம்மூட்டுக்கே வந்துருச்சு."

நடந்ததை முழுக்கச் சொன்னான். அவள் எழுந்து உட்கார்ந்தாள். "நீங்க பொய் ஒண்ணுஞ் சொல்லுலீங்களே," என்றாள். ஆனால் அன்று இருவருக்குமே தூக்கம் வரவில்லை.

நாலைந்து நாளில் வானம் வெளுத்தது. தொண்டாமுத்தூரில் தம்பிதுரையின் காட்டில் நின்றபோது, நனைந்த மண்ணிலிருந்து ஆவி எழுந்து, தலைசாய்ந்த வெங்காயத் தாள்களின் மேல் மெல்ல நகர்ந்தது.

"வெயில் இப்படியே அடிச்சா அடுத்த வாரம் புடுங்கிரலாம். இந்தப் பக்கம் எல்லாக் காட்டுலயும் அப்படித்தான்," என்றார் தம்பிதுரை.

நஞ்சுண்டன் வழக்கம்போல் மண்டிக்குச் சொன்னான். மறுமுனையில் சென்னகிருஷ்ணன் குரலைத் தாழ்த்தினார்.

"சரிப்பா. இத யாருகிட்டயும் சொல்லீராத."

அவன் ஃபோனை வைத்தான். பஸ் ஏறினான். உக்கடத்தில் இறங்கி நேராகக் குல்சும்மாவிடம் போனான்.

"அக்கா, மண்டில சரக்கு இருக்குது. அடுத்த வாரம் தொண்டாமுத்தூர்ச் சரக்கும் வந்துரும். இந்த வெலைக்கு யாரும் வாங்கிப்போடாதீங்க."

குல்சும்மா எழுந்து நின்று கடை கடையாகச் சொன்னாள். அவன் டவுன்ஹாலுக்குப் போனான், சிங்காநல்லூருக்குப் போனான். வருஷக்கணக்காக விலை கேட்டு நின்ற ஒவ்வொரு கடையிலும் நின்று சொன்னான். வாங்க வந்த பெண்களிடமும் சொன்னான். அவன் வார்த்தையை யாரும் சந்தேகப்படவில்லை. சில்லறைக் கடைக்காரர்கள் மண்டிப் பக்கம் போவதை நிறுத்தினார்கள். ஒரு வாரம் ஊரில் பல வீடுகளில் வெங்காயமில்லாக் குழம்பு கொதித்தது. புதுச் சரக்கு வருவதற்குள் மூட்டைகளைத் தள்ளிவிட வேண்டுமென்று சென்னகிருஷ்ணன் கதவை முழுதும் திறந்தார்.

நஞ்சுண்டன் மண்டிக்குப் போனபோது அவர் சத்தம் போடவில்லை. சம்பளத்தை எண்ணி வைத்துவிட்டு அவனைப் பார்த்தார்.

"நீ சொன்னதுல ஒண்ணும் பொய்யில்ல நஞ்சுண்டா. ஆனா என்ற காச வாங்கிட்டு ஊருக்குச் சொன்னா நான் எப்படி மண்டி நடத்தறது?"

"நாயந்தானுங்க," என்றான் நஞ்சுண்டன். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான். மடியில் பாரமில்லாதவன் போல நடந்தான், சாலையைக் கடக்கும்போது லாரிக்காரன் ஒருவனிடம் திட்டும் வாங்கினான்.

வேலை போன சேதியைத் தம்பிதுரைக்குச் சொல்லப் போனபோது அவர்தான் யோசனை சொன்னார். "என்ற சரக்க மண்டிக்குப் போடறதுக்குப் பதிலா உங்கட்டப் போடறேன். வித்துப்போட்டுக் காசு குடுங்க." மில்லிலிருந்து கொஞ்ச நாள் கழித்து வந்த பாக்கித் தொகையில் ஒரு பழைய டிவிஎஸ் ஃபிப்டி வாங்கினான். மில் தொழிலாளர் லைன் வீடுகளில் காய் விற்றான். வியாபாரத்துக்குக் கொஞ்சமும் லாயக்கில்லாதவன் என்று மாரியாத்தாள் சொல்வாள். "இன்னிக்கு வேண்டாங்க்கா, வியாழக்கெழம எறங்கிரும்," என்று சரக்கை வண்டியில் வைத்துக்கொண்டே சொல்கிறவனிடம் வேறென்ன சொல்ல! ஆனால் வியாழக்கிழமை அந்தப் பெண்கள் வேறு யாரிடமும் வாங்காமல் காத்திருந்தார்கள். பெரிய வரும்படி இல்லை. பூங்கோதை பாலிடெக்னிக் சேர்ந்தாள். வீடு ஓடியது.

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் மாரியாத்தாள் தானும் வருவதாகச் சொன்னாள். இருட்டு பிரியும் நேரம் வண்டியின் பின்னால் உட்கார்ந்து, முந்தானையால் காதை மூடிக்கொண்டாள். பேரூர் தாண்டியதும் குளிர் வயல்களிலிருந்து எழுந்து வந்தது. தம்பிதுரையின் காட்டில் சுப்பாத்தாள் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள்.

"விடியால ரெண்டு ஆனை வந்துபோட்டுப் போயிருச்சு கண்ணு. நாங்க குடியிருக்கற சாளை மேல கை வைக்கல. இப்படிக்கா குறுக்க நடந்து மலைக்குப் போயிருச்சு."

பிடுங்கிக் காயப் போட்டிருந்த வெங்காயத்தின் நடுவே பெரிய பெரிய வட்டங்கள் போயின. ஒவ்வொரு காலடியும் ஒரு அண்டாவின் வாயளவு இருந்தது. வாய்க்கால் தண்ணீர் கசிந்து அவற்றில் நின்றது. அதில் வெளுக்கும் வானம் தெரிந்தது. நசுங்காத வெங்காயங்கள் உள்ளே ரோஜா நிறத்தில் கிடந்தன.

மாரியாத்தாள் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். ஒரு காலடிக்குள் தன் பாதத்தை வைத்துப் பார்த்தாள். தண்ணீர் சில்லென்று கணுக்காலைத் தொட்டதும் சிறு பெண்போல் சிரித்தாள். நஞ்சுண்டன் சாக்கை விரித்துப் பிடித்துக்கொண்டான். அவள் குனிந்து, ஒவ்வொரு காலடியாக, மலையைப் பார்த்து வெங்காயத்தைப் பொறுக்கிக்கொண்டே போனாள்.