அவள் கொடுத்த காளான்

எனக்குக் காளான் பறிக்கக் கற்றுக்கொடுத்தவள் என் வயதுக்காரி. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் நான் செக்கிங் டேபிள், அவள் தையல் லைன். அவள் தைத்த அப்பரில், அதாவது ஷூவின் மேல்தோலில், சுருக்கம் இருந்தால் தூக்கி ரிஜெக்ட் பெட்டியில் போடுவது என் வேலை. அதையும் மீறி நாங்கள் தோழிகள்.

இடி இடித்து மழை பெய்த மறுநாள், அவள் மலையடிவாரத்து ஊரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் புற்றுக்காளான் கொண்டுவருவாள். பஸ் ஆம்பூரைத் தொடுவதற்குள் கூடை காலி. அவள் கொண்டுவந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமை, சொல்லிவிடுகிறேன். எனக்கும் கத்துக்குடு என்று நச்சரித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளோடு காட்டோரம் போனேன்.

போனதும் திட்டுதான் வாங்கினேன். நூல் வெட்டும் சின்னக் கத்தரி எப்போதும் என் பையில் இருக்கும். அதை எடுத்துத் தண்டை நறுக்கென்று வெட்டினேன்.

“இன்னாடி பண்ற? நோண்டி எடு. அடி தெரியணும்.”

குச்சியால் மண்ணைக் கிளறிக் காட்டினாள். தண்டு வேர் மாதிரி நீண்டு புற்றுக்குள் இறங்கியிருந்தது.

“இப்டி இறங்கணும். தண்டுல வளையம் இருக்கக் கூடாது. கவுத்துப் பாரு, அடிப்பக்கம் பச்சை அடிச்சா தொடாத. எருக்குழி பக்கம், புல்லுல வர்ற வெள்ளையை நம்பாத. மஞ்சள் போட்டு வேகவெச்சுப் பாக்கறதெல்லாம் சும்மா. இந்த வருஷம் முழுக்க எனக்குக் காட்டாம அடுப்புல ஏத்தாத.”

மறுநாள் பஸ்ஸில் என் கத்தரிக் கதையை எடுத்துவிட்டாள். “டேபிள்ல இவ என்னை ரிஜெக்ட் பண்றா. காட்டுல நான் இவளை ரிஜெக்ட் பண்ணிட்டேன்.” பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். உள்ளே சுருக்கென்றது. கிண்டலைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளும் குணம் எனக்குக் கிடையாது.

இரண்டு வாரம் கழித்து, எங்கள் வீட்டுக்குப் பின்னால் எருக்குழி ஓரத்துப் புல்லில் பெரிய பெரிய வெள்ளைக் குடைகள் முளைத்திருந்தன. செக்கிங்கில் நாங்கள் தோலின் மேல்முகத்தைத்தான் தடவிப் பார்ப்போம். உள்பக்கத்தை லைனிங் மூடிவிடும், அதை யார் பார்க்கப்போகிறார்கள்? அதே கையால் குடையின் மேலே தடவினேன். மெத்தென்று இருந்தது. முதல் தரம் என்று முடிவுகட்டினேன். கவிழ்த்துப் பார்க்கவில்லை, தோண்டவும் இல்லை. கத்தரியால் வெட்டி எடுத்தேன். அவளுக்குக் காட்ட வேண்டும் என்பது நினைவில் இல்லாமல் இல்லை. இவளிடம் எதற்குக் காட்டணும் என்ற திமிர்தான்.

வீட்டில் அன்று நான் மட்டும்தான். குழம்பு வைத்து, பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரு கிண்ணம் கொண்டுபோனேன். ரம்ஜானுக்கும் பக்ரீத்துக்கும் அவர்கள் வீட்டிலிருந்து எங்களுக்குப் பிரியாணி வராமல் இருந்ததில்லை. அவருடைய வீட்டுக்காரரும் எங்கள் கம்பெனிதான், அதே பஸ்தான்.

அக்கா கிண்ணத்தைப் பார்த்துத் தயங்கினார். “காட்டுக் காளானா? பயமா இருக்கேம்மா.”

“என் தோஸ்த் குடுத்ததுக்கா. பஸ்ல கொண்டாருவாளே, அவதான்.”

நான் பறித்தது என்றால் அவர் தொட மாட்டார். அவள் கொடுத்தது என்றதும் வாங்கிக்கொண்டார். அந்தப் பொய் எனக்கு எவ்வளவு சுலபமாக வந்தது என்பதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் எனக்கு வாந்தி பிடித்துக்கொண்டது. சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவும் எடுப்பது கேட்டது. இருவரையும் ஒரே ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார் அக்காவின் வீட்டுக்காரர். இரண்டு நாள் டிரிப்ஸ். அக்காவுக்குச் சர்க்கரை வேறு, துவண்டு கிடந்தார். காளான் எங்கே கிடைத்தது என்று டாக்டர் என்னைக் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அக்காவின் வீட்டுக்காரர், “கம்பெனி பஸ்ல ஒரு பொண்ணு விக்கறா சார்” என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வரிதான்.

நான் வேலைக்குத் திரும்பும் முன்பே பேச்சு பஸ் முழுக்கப் பரவிவிட்டது. அவள் என் டேபிளுக்கு வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

“நான் உனக்கு எப்போ குடுத்தேன்?”

“அப்றம் பேசலாம். பீஸ் ஜாஸ்தி தேங்கிடுச்சு.” அப்பரைப் பார்த்தபடியேதான் சொன்னேன். பெரிய வேலைக்காரி நான்.

அடுத்த மழைக்கும் அவள் கூடையோடு பஸ் ஏறினாள். ஒருவரும் கை நீட்டவில்லை. ஒருத்தி கூடை படாமல் காலை ஒதுக்கிக்கொண்டாள். அவள் நேராக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து கூடையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“நீ யாருக்கும் எதுவும் சொல்ல வேணாம்” என்று தணிந்த குரலில் சொன்னாள். “இதுல கொஞ்சம் வாங்கிக்க, போதும். நீ வாங்கினா அவங்களும் வாங்குவாங்க.”

முன்சீட்டிலிருந்து அக்காவின் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் வாங்கினால் ஏன் என்று கேட்பார். கேட்டால் எல்லாம் வெளியே வரும்.

“டாக்டர் காளானே தொடக் கூடாதுன்னுட்டாரு” என்றேன்.

அவள் துணியை இழுத்துக் கூடையை மூடினாள்.

“சரி. உடம்பப் பாத்துக்க” என்றாள். அவள் பஸ்ஸில் கொண்டுவந்த கடைசிக் கூடை அது.