ஆறுதலுக்கும் பொய் சொல்லாத டெனிஸ் மாமா

விம்பிள்டனில் டிராமுக்குக் காத்து நின்றபோது கணவர் பிரையன் அழைத்தார். "அப்பா போய்விட்டார்" என்றார். டிராம் வந்தது; நான் ஏறவில்லை.

நோர்பரியில் உள்ள நம்மவர்களுக்கு அவரைத் தெரியாமல் இருக்காது. தமிழ்க் கடையில் முருங்கைக்காயை ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்து, கடைக்காரரின் பொறுமையைச் சோதித்த அந்த உயரமான வெள்ளைக்காரர்தான் என் மாமனார் டெனிஸ். அயர்லாந்தின் தென்கரையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, சரக்குக் கப்பல்களில் உலகம் சுற்றி, கடைசியில் லண்டனில் கட்டட வேலைக்கு வந்து நிலைத்தவர். கடல் எப்படி இருக்கும் என்று யார் கேட்டாலும், "ஈரமாக இருக்கும்" என்பார். அதோடு கதை முடிந்தது.

அவரை நான் வெறுத்த நாட்களும் உண்டு. என் தம்பி ரகு தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் படகேறிய காலம் அது. கிளம்பும் முன் ஒரு தடவை பேசினான். பிறகு சத்தமே இல்லை. தொலைபேசி அடிக்கும் ஒவ்வொரு தடவையும் அம்மாவின் கை நெஞ்சுக்குப் போகும். தெரிந்தவர் எல்லாரும் வந்து, "ஒண்டும் நடக்காது, வந்திடுவான்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மாமா மட்டும் தினமும் வந்து, வாசல் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்திருந்து, ஒரு வார்த்தை பேசாமல் போவார்.

ஒரு பின்னேரம் அம்மா பொறுமை இழந்தார். "கடல்ல கிடந்த மனுசன்தானே? என்ர பிள்ளை வருவானோ, மாட்டானோ எண்டு கேட்டுச் சொல்லு."

நான் ஆங்கிலத்தில் கேட்டேன். "பழைய படகு. காற்றும் மோசமான காலம். எனக்குத் தெரியாது என்று சொல்" என்றார். வருவானாம் என்று மாற்றிச் சொன்னால் அம்மா ஒரு வாய் சாப்பிடுவார். என் தயக்கத்தைக் கண்டுகொண்ட மாமா, எங்களிடம் பொறுக்கிய தமிழில் தாமே சொன்னார்: "தெரியாது, அம்மா."

அம்மா அறைக்குள் போய்க் கதவை அடித்துச் சாத்தினார். நான் மாமாவிடம் பாய்ந்தேன். "ஒரு பொய் சொன்னால் குறைந்தா போய்விடுவீர்கள்?" அப்போதுதான் தன் அண்ணனைப் பற்றிச் சொன்னார். மீன்பிடிக்கப் போன அண்ணன் திரும்பவில்லை. அயலவர்கள் வருவான் வருவான் என்று சொல்லச் சொல்ல, அவருடைய தாய் சாகும் வரை மேசையில் ஒரு தட்டைக் கூடுதலாக வைத்தாராம். "எல்லாரும் நல்ல மனிதர்கள். ஆனால் என் அம்மாவை அழவே விடவில்லை" என்றார்.

ரகு வரவில்லை. அந்தப் படகில் போன எவரும் வரவில்லை. வருடம் திரும்பிய பிறகும், எங்கேயாவது சிறையில் இருப்பான் என்று சொன்னவர்கள் ஓயவில்லை. ஒருநாள் கோவிலிலிருந்து வந்த அம்மா நேராக மாமாவின் முன்னால் போய் நின்றார்.

"இனி வரமாட்டான், என்ன?"

நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அவருக்கு விளங்கியிருந்தது. "ஓம்" என்று தலையசைத்தார்.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து, அத்தனை காலமும் அழாத அழுகையை அழுதார். மாமா எழுந்து போகவில்லை. அதன் பிறகு எங்கள் வீட்டில் புட்டு அவித்தால் முதல் பங்கு சம்பந்திக்குத்தான்.

போன மாதம், மாமா படுத்திருந்த மருத்துவமனையில் டாக்டர் எங்களைத் தனியே அழைத்து, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார். "அப்பாவிடம் சொல்லாதே" என்று பிரையன் கெஞ்சினார். நாமும் அதைத்தான் சொல்வோம். நோயாளியிடம் உண்மையைச் சொல்லும் வழக்கம் நமக்கு எங்கே இருக்கிறது? உள்ளே போனேன். மாமா என் முகத்தையே பார்த்தார்.

"நான் வீட்டுக்குப் போவேனா?"

கண்ணாடிக்கு வெளியே பிரையன் வேண்டாம் என்று தலையாட்டுகிறார்.

"இல்லை, மாமா" என்றேன்.

கண்ணை மூடித் திறந்தார். "பயமாக இருக்கிறது" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் அதுவரை கேட்டதில்லை. கட்டிலின் ஓரத்தில் இருந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சற்றுப் பொறுத்து, "பிரையனை வரச் சொல்" என்றார். அன்று பின்னேரம் முழுவதும் தகப்பனும் மகனும் மறைப்பதற்கு ஒன்றுமில்லாமல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கேட்டவருக்கு உண்மையைச் சொல்வது, சொன்ன பிறகு எழுந்து போகாமல் இருப்பது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இவ்வளவுதான். நேற்று அம்மா கேட்டார்: "மனுசன் கடைசியில பயந்தவரோ?"

"ஓம், அம்மா" என்றேன். சொல்லிவிட்டு அம்மாவின் பக்கத்தில் இருந்தேன்.