வாத்துப் படம் போட்ட பால் புட்டி

என் ஓரகத்தியின் மேல் எனக்கு இருந்தது பொறாமைதான். ஏக்கம், ஆற்றாமை என்று வேறு பெயர் வைத்துப் பூசி மெழுக எனக்குப் பிடிக்காது. அவள் என் கணவருடைய தம்பியின் மனைவி. எனக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து அந்த வீட்டுக்குள் வந்தாள். வந்த மறு வருஷமே வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றாள். நான் அதற்குள் மதுரை வரைக்கும் போய் மூன்று டாக்டர்களைப் பார்த்துவிட்டுச் சும்மா திரும்பி வந்தவள். வளைகாப்பன்று அவள் கையில் வளையல் போடச் சொல்லி யாருமே என்னைக் கூப்பிடவில்லை. அதையும் மனசுக்குள் அவள் கணக்கில்தான் எழுதினேன்.

இது இரண்டாயிரத்து நான்கு, ஐந்து வாக்கில். சிவகாசியிலிருந்து நாரணாபுரம் போகிற சாலையில் ஒரே வாசலுக்குள் எங்கள் இரண்டு குடித்தனமும் இருந்தன. அவள் விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். நான் வீட்டிலேயே இருந்து வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டினேன். பெண்குழந்தை பிறந்து ஐந்து மாதம் ஆனபோது சீசன் சூடுபிடித்துவிட்டது. ஆள் போதவில்லை, உடனே வரச் சொல் என்று கம்பெனியிலிருந்து சொல்லியனுப்பினார்கள்.

"அக்கா, பிள்ளையப் பாத்துக்கிடுவீகளா?" என்று என் முன்னால் வந்து நின்றாள்.

"பாத்துக்கிடாம? தெருவுலயா விட்டுருவேன்?" என்றேன். வாய் அப்படித்தான் பேசியது. மனசோ அவளைக் கூட்டிப்போகிற கம்பெனி வேன் நாளைக்கே வரக் கூடாதா என்று துடித்தது.

அவள் தாய்வீட்டில் போட்ட வெள்ளிச் சங்கு ஒன்றை என் கையில் கொடுத்தாள். "காலையிலயும் சாயங்காலமும் நான் குடுத்துக்கிடுறேன்க்கா. மத்தியானத்துக்கு மட்டும் பசும்பால நல்லா ஆத்தி இதுல புகட்டுங்க, போதும்."

காலையும் சாயங்காலமும் அவளுக்கு. மத்தியானம் மட்டும் எனக்கு. பங்கு பிரித்துக் கொடுக்கிறாளாம் மகாராணி!

சங்கில் புகட்டுவது இருக்கிறதே, அதில் ஒரு ஒட்டுதலும் இல்லை. பிள்ளையை மடியில் சாய்த்து, சங்கின் மூக்கு வழியாக அதன் வாயில் சொட்டுச் சொட்டாக ஊற்ற வேண்டும். பாதி கடைவாயில் வழிந்து கழுத்துக்குப் போகும். யார் ஊற்றினாலும் பிள்ளை ஒரே மாதிரிதான் விழுங்கும். பக்கத்து வீட்டுக்காரி ஊற்றினாலும் விழுங்கும். அவள் சாயங்காலம் வந்து எடுத்து அணைத்ததும் அந்தக் குழந்தை எப்படி முட்டி முட்டிக் குடிக்கும் தெரியுமா? கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கையால் அம்மாவின் தாலிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு. நான் பார்க்காத மாதிரி குழாய் உருட்டிக்கொண்டிருப்பேன்.

அந்தப் பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகர் போயிருந்தோம். பொருட்காட்சியில் ஒரு கடை முழுக்கப் பிளாஸ்டிக் சாமான்கள் தொங்கின. அதில் ஒரு பால் புட்டி. கண்ணாடி போலத் தெளிவு, ரோஸ் மூடி, பக்கவாட்டில் மஞ்சள் வாத்து. டவுனில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் கையில் அதைப் பார்த்திருக்கிறேன். பிள்ளை அதைச் சப்பும், மார்பில் சப்புகிற மாதிரியே. பார்த்த மாத்திரத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. யாரிடமும் கேட்காமல் வாங்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.

முதல் நாள் பிள்ளை ரப்பர்க் காம்பைத் துப்பியது. மூன்றாம் நாள் பிடித்துக்கொண்டது. ஒரு வாரத்தில் அந்த ரோஸ் மூடியைக் கண்டாலே என்னைப் பார்த்துக் கையை நீட்டியது. வெள்ளிச் சங்கைக் கொண்டுபோய் அரிசிப் பானைக்குள் புதைத்தேன்.

நான் பால் கலந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விஷயமே அதில்தான் இருக்கிறது. அடுப்பில் பொங்குகிற பாலை அப்படியே புட்டிக்குள் ஊற்றி மூடியைத் திருகிக் கலகலவென்று குலுக்குவேன். பிறகு புட்டியைத் தண்ணீருக்குள் நிறுத்தி ஆற்றுவேன். டம்ளரில் ஆற்றி ஊற்றலாம்தான். அவ்வளவு நேரம் பிள்ளை அழுதால் பக்கத்து வீட்டுக்காரி வந்து தூக்கிவிடுவாள். அதற்கும் என் மனசு இடம் தரவில்லை. சுத்தத்தில் மட்டும் குறை வைக்கவில்லை. தினமும் புட்டியைக் கொதிக்கிற வெந்நீரில் போட்டு எடுப்பேன், உள்ளே பிரஷ்ஷை விட்டுக் கறகறவென்று தேய்ப்பேன். கொஞ்ச நாளில் வாத்தின் தலை போனது. அப்புறம் கால். தெளிவாக இருந்த புட்டி உள்ளே கீறல் விழுந்து மங்கிப் புகை படிந்த மாதிரி ஆனது. நன்றாக அழுத்தித் தேய்த்திருக்கிறேன் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

சாயங்காலம் வேன் ஹாரன் கேட்கும். அவள் வாசலில் வந்து நிற்பாள். பட்டாசுக்குள் போகிற ரசாயனத் தூளுக்கு எங்கள் பக்கம் மருந்து என்று பெயர். அவள் வேலை செய்கிற அறையில் அலுமினிய மருந்து. புருவம், காது, கழுத்து, நகக்கண் எல்லாம் வெள்ளியாக மினுங்க வருவாள். குளிக்காமல் பிள்ளையைத் தொடக் கூடாது என்பது எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். நல்ல வழக்கம்தான். நான் அதைக் கெட்ட காரியத்துக்கு வைத்துக்கொண்டேன்.

வாரம் ஒருமுறைதான் குழாயில் தண்ணீர். வாசலில் வெயிலில் நிற்கிற நீல பிளாஸ்டிக் டிரம்மில்தான் பிடித்து வைப்போம். வேன் வருகிற நேரம் பார்த்து நான் துணி துவைக்க உட்கார்ந்துவிடுவேன். அவள் வரும்போது டிரம்மில் தண்ணீர் அடியில் கிடக்கும். தெருக்கோடி அடிபம்புக்குப் போய் அடித்துக்கொண்டு வந்துதான் குளிக்க வேண்டும். அவள் வருவதற்குள் புட்டி காலியாகிப் பிள்ளை என் மடியில் தூங்கியிருக்கும்.

ஒரு நாள் அவள் குடத்தோடு போகாமல் வாசற்படியிலேயே நின்றாள். ஜாக்கெட் முன்புறம் பால் கசிந்து, மினுங்குகிற மருந்தின் மேல் இரண்டு கறுத்த வட்டங்கள்.

"அக்கா, வலி தாங்கலைக்கா. ஒருவாட்டி மட்டும் குடுங்க. கையத் தொடச்சிட்டு வாங்கிக்கிடுறேன்."

"ஏ புள்ள, புத்தி கித்தி இருக்கா ஒனக்கு? மருந்தோட வந்து நிக்க! பச்சப்பிள்ள வயித்துக்குள்ள அம்புட்டும் போயிரும். போயி நகத்தெல்லாம் தேச்சுக் குளிச்சிட்டு வா" என்றேன்.

நான் சொன்னது நியாயம். அதுதான் என்னிடம் இருந்த ஆயுதமே. அவள் குளித்து வந்த பிறகு பிள்ளை வயிறு நிறைந்து கிடந்தது; மார்பில் வைத்தாலும் திரும்பிக்கொண்டது. அப்படியே இரண்டு மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கேயிருந்தோ சங்கைத் தேடியெடுத்துவிட்டாள் போலிருக்கிறது, தன் பாலைப் பீய்ச்சி அதில் புகட்டப் பார்த்தாள். பிள்ளை துப்பி, முதுகை வில்லாக வளைத்து அழுதது. என் பக்கம் கையை நீட்டியது. நான் வாத்துப் புட்டியைக் காட்டினேன், கப்பென்று அடங்கியது. அன்றைக்கு எனக்கு இரண்டு கை சோறு கூடவே இறங்கியது.

அவள் மீதிப் பாலைப் பின்பக்கம் முருங்கை மரத்தடியில் ஊற்றிவிட்டு, மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தோள் குலுங்கியது. சமையற்கட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சீக்கிரமே அவளுக்குப் பால் வற்றிவிட்டது.

அதற்குப் பிறகு ஒரு கல்யாணத்துக்காக எம். புதுப்பட்டிக்குப் போனேன். மத்தியானமே ஆள் வந்துவிட்டது. "பிள்ள ஒங்களத் தேடுது, சாப்பிட மாட்டேங்குது, ஒடனே வரச் சொன்னாக." பெற்றவள் வீட்டில் இருக்கும்போது பிள்ளை என்னைத் தேடியது! பந்தியில் பாதியில் எழுந்தேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தச் சொல்லை நாக்கில் போட்டுச் சப்பிக்கொண்டே வந்தேன். ஆனால் பொறாமை தீர்ந்ததா? எங்கே தீரும்! பிள்ளை வளர வளர மூக்கும் நடையும் அப்படியே அவளை உரித்து வைத்திருந்தது. என்னிடம் ஓடி வரும்போதுகூட அவள் முகத்தோடுதான் ஓடி வரும்.

அந்தப் பிள்ளை இப்போது நர்சிங் படிப்பு முடிக்கப் போகிறாள். போன விடுமுறைக்கு வந்திருந்தபோது, கடையில் டீ வாங்கிக்கொண்டு வந்தேன். எப்போதும்போல பிளாஸ்டிக் கவரில் சுடச்சுட ஊற்றி நூல் போட்டுக் கட்டியது. அவள் அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். பெண் கவரைப் பார்த்ததும் சீறினாள்.

"பெரியம்மா, எத்தன தடவ சொல்றது? தூக்குச்சட்டி கொண்டுபோங்கன்னு!"

"போடி. இதக் குடிச்சுத்தான் இம்புட்டு வருஷம் இருக்கோம். கல்லு மாதிரி இல்ல?"

"கல்லு மாதிரிதான் இருக்கீக. உள்ள என்ன இருக்குன்னு யாரு பாத்தா? சூடா ஊத்துனா அந்தக் கவர்லருந்து கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் தூளு டீயில இறங்குது. வெயில்ல காயிற டிரம்மு, தேஞ்ச குடம் எல்லாத்துலருந்தும் வரும். தண்ணியில இருக்கு, உப்புல இருக்கு, வீட்டுத் தூசியில கலந்து மூச்சோடயும் போகுது."

"போனா வெளிய வந்துராதா?"

"நெறைய வந்துரும். ரொம்பப் பொடிசா இருக்கது ரத்தம் வரைக்கும் போயிருது. பிள்ளத்தாச்சிக நஞ்சுக்கொடியிலயே பாத்திருக்காங்க."

"அது என்ன செய்யும்?" என்று கேட்டேன். குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது.

"முழுசா இன்னும் தெரியல பெரியம்மா. உள்ள புண்ணு, வீக்கம் வரலாம், ரத்தக்குழாய்க்கு ஆகாதுன்னு சந்தேகப்படுறாங்க. ஆராய்ச்சி நடக்குது. அது தெரியிற வரைக்கும் கொறச்சுக்கிடுறது நல்லதுதான? அதுலயும் பச்சப்பிள்ளைகளுக்குப் பிளாஸ்டிக் புட்டியில கொதிக்கக் கொதிக்க ஊத்திக் குலுக்கக் கூடாது. அப்பத்தான் அதிகமா இறங்குமாம்."

கவரைப் பிடித்திருந்த என் கை சுட்டது. கீழே வைக்கத் தோன்றவில்லை. கறகறவென்று தேய்த்த சத்தம் காதுக்குள் கேட்டது. வாசலில் நின்றவளின் நகக்கண்ணை அத்தனை நாள் சோதித்தேனே! அவள் மேல் இருந்த தூள் தெருவுக்கே தெரிந்தது. என் கையிலிருந்து போன தூள் எனக்கே தெரியவில்லை.

பெண் சாதாரணமாகத்தான் கேட்டாள். "ஆமா, எனக்கு எதுலம்மா பால் குடுத்தீக?"

ஓரகத்தியின் கத்தி நின்றது. என்னைப் பார்க்கவில்லை. இத்தனை வருஷமாக அவள் கைக்குள் இருந்த விஷயம் அது. டிரம்மில் தண்ணீர் ஏன் இல்லை, சங்கு எப்படி அரிசிப் பானைக்குள் போனது, எல்லாம் அவளுக்குத் தெரியும். இப்போது ஒரு வாக்கியம் சொன்னால் போதும், இந்தப் பெண் என்னைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும். நான் காத்திருந்தேன்.

"புட்டியிலதான்" என்றாள். "எனக்குப் பால் பத்தல. நாந்தான் வாங்கியாரச் சொன்னேன். ஒங்க பெரியம்மா வேண்டாம்னுதான் சொன்னாக."

காலில் விழுந்து கும்பிட வேண்டிய இடம். எனக்கு என்ன வந்தது தெரியுமா? வயிறு எரிந்தது. பழியை இழுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டு, அந்த ஒரே பொய்யில் அவள் முழுத் தாயாகிவிட்டாள். அந்த மத்தியானங்கள் எல்லாம், என் மடியில் கிடந்த அந்தக் கனம் எல்லாம், அவள் சொல்லி நான் செய்த வேலையாகப் போய்விட்டது. தப்பைக்கூட எனக்கென்று விட்டுவைக்க மாட்டாளா இவள்?

"பொய் சொல்லாத புள்ள" என்றேன். பெண்ணின் பக்கம் திரும்பினேன். "புட்டிய வாங்குனது நான். கொதிக்கக் கொதிக்க ஊத்திக் குலுக்குனது நான். ஒங்கம்மா வெள்ளிச் சங்கு குடுத்துட்டுத்தான் வேலைக்குப் போனா. அத அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சேன். டிரம்முத் தண்ணியக் காலி பண்ணி, அவ குளிச்சு வாரதுக்குள்ள ஒன் வயித்த ரொப்பி வச்சேன். அவளுக்குப் பால் பத்தாம இல்ல. நான் வத்த வச்சேன்."

பெண் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்த மூக்கு, அந்த முகம்.

"எதுக்குப் பெரியம்மா?"

"நீ என்னையத் தேடணும்னுதான்."

டீ கவருக்குள்ளேயே ஆறிப்போயிருந்தது. ஓரகத்தி அடுத்த பீன்ஸை எடுத்து நாரை உரித்தாள்.

"அவ தேடத்தானேக்கா செஞ்சா" என்றாள்.