நடுக்கம் போதாத பெண்

நடுக்கம் என்ற சொல்லுக்கு அகராதியில் என்ன பொருள் இருந்தாலும், எங்கள் வீட்டில் அது சீர்வரிசையில் ஒரு உருப்படி. குளிர்காய்ச்சலில் வருவது வெறையல். அதற்குக் கம்பளியும் கசாயமும் கொடுப்பார்கள். கோயில் கொடையில் சாமி வந்து ஆடுவது துள்ளல். அதற்கு மாலை போடுவார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் காப்பித் தட்டோடு நிற்கும்போது கையில் வருவதுதான் நடுக்கம். அது அடக்கத்துக்கு அடையாளம். என்னிடம் அது இல்லை.

நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த காலம். நான் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். ஊசியில் ஒரே தடவையில் நூல் கோர்க்கும் கை. முதலில் வந்த மார்த்தாண்டத்து வியாபாரி வீட்டார் முந்திரிக்கொத்தைத் தின்று முடித்துவிட்டு, பெண்ணுக்கு நடுக்கமே இல்லை என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள். இரண்டாவது வந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள்; கூடவே முறுக்கையும் பொதிந்து எடுத்துக்கொண்டு போனார்கள். மூன்றாவதும் தட்டிப்போனால், பெண்டாட்டியை இழந்த ஒரு கயிற்று வியாபாரிக்கு என்னை இரண்டாம் தாரமாகக் கொடுத்துவிடுவதாக அப்பா சொல்லிவிட்டார். அந்த ஆள் அப்பாவைவிட இரண்டே வயது இளையவர். எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்போதும் என் கை நடுங்குகிறதா என்றுதான் சித்தி பார்த்துக்கொண்டிருந்தாள்.

பயிற்சி கொடுத்தது அவள்தான். எட்டுத் தம்ளரில் தண்ணீர் ஊற்றித் தட்டில் வைத்து, அடுக்களையிலிருந்து முன்னறை வரை நடக்க வேண்டும். தம்ளர்கள் லேசாக முட்டிச் சத்தம் வர வேண்டும், தண்ணீர் சிந்தக் கூடாது. அப்பா மாப்பிள்ளையின் தகப்பனாராக நாற்காலியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார். முதல் நாள் மொத்தத் தண்ணீரும் அவர் மடியில் கொட்டியது.

"இது சாமி வந்த மாதிரில்லா இருக்கு. கொஞ்சம் கொறச்சுக்கோ மக்கா" என்றார்.

நாலு நாளில் பதம் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் கோடு போட்டால் அதுவும் நெளிந்தது.

மூன்றாவது கூட்டத்தில் மாப்பிள்ளையும் வந்திருந்தார். தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. எல்லோருக்கும் காப்பி கொடுத்துவிட்டு, மிச்சத் தம்ளர்கள் கிணுகிணுக்க நின்றேன். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகம் மலர்ந்தது. தாய்மாமன் மட்டும் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பெண்ணுக்கு எத்தனை நாளாகக் குளிர்காய்ச்சல் என்று கேட்டார். என் அம்மா, அது நடுக்கம் என்றாள். நடுக்கம் விட்டு விட்டு வரும், ஒரே தாளத்தில் வருவது வெறையல்தான் என்று அவர் சாதித்தார். சித்தி சண்டைக்குப் போனாள். யாரோ என் நெற்றியில் கை வைத்தார்கள். யாரோ உள்ளே ஓடினார்கள். பங்குனி வெயிலில் என்னைக் கம்பளியால் போர்த்திவிட்டார்கள்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. கம்பளியைத் தூக்கி எறிந்துவிட்டு, உள்ளே போய் ஊசியும் நூலும் எடுத்துவந்து, அத்தனை பேர் முன்னாலும் ஒரே தடவையில் கோர்த்துக் காட்டினேன்.

"எனக்குக் காய்ச்சலும் இல்ல, நடுக்கமும் இல்ல. எல்லாம் சித்தி படிப்பிச்சுத் தந்தது."

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். மாப்பிள்ளையின் அம்மா எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டார். எனக்குக் கயிற்று வியாபாரியின் முகம் கண்முன் வந்து நின்றது.

மாப்பிள்ளை மட்டும் எழவில்லை. அவருக்குக் கொடுத்த காப்பியில் பாதி வேட்டியில் கிடந்தது. மீதியும் அவர் கையில் தளும்பிக்கொண்டிருந்தது. அதை ஒளிக்காமல் தன் அம்மாவிடம் நீட்டிக் காட்டினார்.

"எம்மா, ஒரு வீட்டுல ஒருத்தர் நடுங்குனா போதாதா?"

அத்தனை பேர் நடுவில் அப்படி ஒத்துக்கொள்ளும் துணிச்சல் எனக்கு வந்திருக்காது. அந்த நிமிஷமே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. யாரிடமும் கேட்காமல் போய், மிச்சமும் கொட்டிவிடுமுன் அந்தத் தம்ளரை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.