கோளாறு இல்லாத லிஃப்ட்

அந்தக் குடியிருப்பில் அவரை எல்லோரும் லிஃப்ட்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஐந்தாம் மாடியில் குடியிருந்தார். அந்தக் கட்டடத்து லிஃப்டையும் சுற்றுவட்டாரத்தில் இருந்த வேறு சிலவற்றையும் பராமரிப்பது அவர் வேலை. பழைய காலத்து லிஃப்ட் அது. உள்ளே இழுத்து மூடும் கம்பிக் கதவு, ஒவ்வொரு மாடியிலும் வெளியே ஒரு மரக் கதவு. இரண்டும் சரியாக மூடினால்தான் வண்டி நகரும். அதை யாராவது குறை சொன்னால், சொந்தப் பிள்ளையைச் சொன்னது போல அவர் முகம் சுண்டிவிடும். "மெஷின்மேல பழி போடாதீங்க. கதவைச் சரியா மூடினீங்களா? அதைச் சொல்லுங்க முதல்ல" என்பார்.

அவருக்கும் மனைவிக்கும் ஒத்துப்போகவில்லை. என்ன காரணம் என்று கேட்டால் அவர் ஒன்று சொல்வார், அவள் வேறொன்று சொல்வாள், இரண்டும் உண்மைதான். வாய்ச்சண்டை முற்றி, பிறகு பேச்சே நின்று, ஒரு நாள் அவள் ஏழு வயது மகளைக் கூட்டிக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். குடும்ப நீதிமன்றத்தில் பிள்ளை விஷயம் பெரிய தகராறில்லாமல் முடிந்தது. வாரநாட்களில் அம்மாவிடம், சனிக்கிழமை காலையிலிருந்து ஞாயிறு மாலை வரை அப்பாவிடம். எங்கே, எப்படி ஒப்படைப்பது என்பதில்தான் முட்டிக்கொண்டது.

"இவர் மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்றாள் அவள்.

"எனக்கு மட்டும் ஆசையா?" என்றார் அவர்.

நடுவில் உட்கார்ந்திருந்த ஆலோசகர் அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டார். அப்போதுதான் லிஃப்ட்காரருக்கு அந்த யோசனை வந்தது. அவள் கீழே பிள்ளையை லிஃப்டில் ஏற்றி அனுப்ப வேண்டியது. அவர் மேலே கதவைத் திறந்து கூட்டிக்கொள்ள வேண்டியது. திரும்பும்போது மேலிருந்து கீழே. யாரும் யாரையும் பார்க்க வேண்டாம்.

"ஏன் சார், பிள்ளையைப் பார்சல் அனுப்புற மாதிரி இல்ல?" என்றார் ஆலோசகர்.

"பார்சலுக்கு இவ்வளவு பாதுகாப்பு கிடையாதும்மா. ஒரு கம்பி அறுந்தாக்கூட வண்டி விழாது."

ஆலோசகர் அவளைப் பார்த்தார். அவளும் தலையாட்டினாள். கணவனும் மனைவியுமாக அவர்கள் கடைசியாக ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

முதல் சனிக்கிழமையே அவர் மகளுக்கு லிஃப்டைப் பற்றி எல்லாம் சொல்லிக்கொடுத்தார். எந்தக் கதவை முதலில் மூடுவது, கையை எங்கே வைக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாக. "இந்தச் சிவப்பு பட்டனை அழுத்தினா அந்த இடத்துலயே நிக்கும். வெளிய இழுத்துவிட்டா சரியாயிடும். ஆபத்துன்னா மட்டும்தான் தொடணும், என்ன?"

"ஆபத்துன்னா என்னப்பா?"

"ஏதோ தப்பா நடக்குதுன்னு உனக்குத் தோணுச்சுன்னா."

அவள் நன்றாகக் கேட்டுக்கொண்டாள். சொன்னால் புரிந்துகொள்ளும் பிள்ளை.

ஏற்பாடு பிசகில்லாமல் நடந்தது. காவலாளி ஒருவன்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டான். "மேல ஒரு ராஜ்யம், கீழ ஒரு ராஜ்யம். நடுவுல நம்ம பாப்பாதான் ராணி!" என்பான். ஒரு நாள் மகள் திருப்பிச் சொன்னாளாம், "நடுவுல வேற யாருமே இல்ல மாமா" என்று. காவலாளி இதை வந்து சொன்னபோது லிஃப்ட்காரர் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

பிறகு அந்தச் சனிக்கிழமை வந்தது. லிஃப்ட் கதவின் மேலே மூன்றாம் மாடியைக் காட்டும் விளக்கு எரிந்தது, நான்கு எரியவில்லை. மேலே காத்திருந்தவர் சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினார். காவலாளி போட்ட சத்தத்தில் கீழிருந்து மனைவி படியேறி ஓடிவந்தாள். நான்காம் மாடியில் இருவரும் நேருக்கு நேர் வந்து நின்றார்கள்.

அவர் மரக் கதவைத் திறந்தார். வண்டியின் மேல்பாதி மட்டும் தெரிந்தது. இருவரும் மண்டியிட்டுக் குனிந்து பார்த்தார்கள். மகள் பையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா கம்பி இடுக்கில் விரலை நுழைத்தாள். மகள் எழுந்து எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாதடி கண்ணு. அம்மா இங்கதான் இருக்கேன்."

"அப்பா?"

"நானும் இங்கதான்டா இருக்கேன்."

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேரும்தான்."

"எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. மெதுவாவே சரி பண்ணுங்க."

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பேச்சைப் பாருங்க, அப்படியே உங்களை மாதிரி. படி ஏறினதுல எனக்குத்தான் உசிரு போகுது."

"தண்ணி எடுத்துட்டு வரட்டுமா?"

"இருங்க, அப்புறம் குடிக்கலாம்."

இருங்க என்ற அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து கேட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. அவர் டார்ச்சை உள்ளே அடித்தார். சிவப்புப் பட்டன் உள்ளே அமுங்கியிருந்தது. பக்கத்திலேயே மகளின் முகம். அவள் பட்டனைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னதான் கோளாறு?" என்றாள் மனைவி, விளையாட்டாகத்தான். "தலையில தூக்கி வச்சு ஆடினீங்களே, உங்க மெஷின் காலை வாரிடுச்சா?"

அவருக்குச் சுருக்கென்று தைத்தது. "மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல. சிவப்பு பட்டனை அழுத்தியிருக்கு. யாரு அழுத்தினதுன்னு உன் பொண்ணைக் கேளு!"

மனைவி விரலை உருவிக்கொண்டாள். "வேணும்னே நிறுத்தினியா?"

மகள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"இந்த வேலையெல்லாம் பிள்ளைக்கு யாரு சொல்லிக்கொடுத்தது? நீங்கதானே?"

"பாதுகாப்புக்குச் சொன்னேன். பொய் சொல்ல நான் கத்துக்கொடுக்கல."

"அப்ப நான் கத்துக்கொடுத்தேனா?"

பழைய சண்டை விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. கீழேயிருந்து மகளின் குரல் வந்தது. "கதவை மூடுங்கப்பா. நான் போறேன்."

மூடினால்தான் வண்டி நகரும். அவரே மூடினார். உள்ளே பட்டன் விடுபடும் சத்தம் கேட்டது. அன்று அப்பாவின் முறை என்பதால் அவள் ஐந்தைத்தான் அழுத்தினாள். வண்டி அவர்கள் இருவரையும் தாண்டி மேலே போனது. அங்கே யாரும் இல்லை.

மனைவி படியிறங்கினாள். அவர் மூச்சு வாங்க மேலே போய்ச் சேர்ந்தபோது மகள் பையோடு வெளியே நின்றிருந்தாள். "ரெண்டு கதவையும் சரியா மூடிட்டேன்ப்பா" என்றாள்.

அதன்பின் ஆலோசகர் சொன்னபடி ஒப்படைப்பு பள்ளிக்கூட வாசலுக்கு மாறியது. கணவனும் மனைவியும் மறுபடி பேசவே இல்லை. மகள் முறை தவறாமல் வந்தாள், வளர்ந்தாள், வேலைக்குப் போனாள். லிஃப்டில் மட்டும் ஏறவில்லை. "நல்லாத்தான் ஓடுதும்மா" என்பார் அவர். "தெரியும்ப்பா" என்பாள், படியில் கால் வைத்தபடி.

ஓய்வு பெற்ற பிறகு, அவள் வரும் நாளில் அவர் கீழே இறங்கிப் போய் நிற்பார். முழங்கால் கெஞ்சினாலும் அவளோடு படியேறித்தான் வருவார். நான்காம் மாடியில் மூச்சு வாங்க நிற்பார்கள். அங்கே ஒரு நாள் அவள் கேட்டாள்:

"அன்னைக்குக் கோளாறுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா?"

"சொல்லியிருந்தா?"

"அடுத்த வாரமும் நிறுத்தியிருப்பேன்."

அவர் மரக் கதவைப் பார்த்தபடி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றார். உள்ளே வண்டி யாரையோ ஏற்றிக்கொண்டு, எங்கும் நிற்காமல், சத்தமில்லாமல் மேலே போயிற்று. அவர்தான் அதை அவ்வளவு நன்றாக வைத்திருந்தார்.