மாமி கடலைக் கட்டிய நாள்

அப்பாவுக்குப் பதுளைக்கு மாற்றம் வந்தபோது எனக்கு ஏழு வயது. வெள்ளைக்காரன் காலத்துக் கந்தோர் உத்தியோகம் அப்படித்தான். மன்னாரில் பிறந்தவனை மலைக்கு அனுப்புவார்கள், மலையில் பிறந்தவனை மன்னாருக்கு அனுப்புவார்கள். ஒருவர் தடிமனோடும் மற்றவர் வியர்க்குருவோடும் மகாராசாவுக்குச் சேவை செய்வார்கள். பதுளை எப்படி இருக்கும் என்று நான் கேட்டேன். எங்கே பார்த்தாலும் பச்சையாக இருக்கும், கடல் மட்டும் இல்லை என்றார் அப்பா. அரிசி களைந்துகொண்டிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

அம்மா கொண்டச்சிப் பக்கத்துக் கடற்கரையில் வளர்ந்தவர். அம்மாவின் தகப்பன் சங்குக்கும் முத்துக்கும் மூச்சடக்கிக் குளித்தவர். சின்னப் பெட்டையாக இருந்த காலத்தில் அம்மா தோணிக்கும் கரைக்குமாக நீந்தித் திரிந்தவர் என்று மாமா, அதாவது அம்மாவின் தம்பி, அடிக்கடி சொல்வார். நான் நம்பியதில்லை. நான் கண்ட அம்மா கிணற்றடியில் குந்தியிருந்து செம்பால் அள்ளி வார்க்கிறவர்.

அப்படி ஆக்கியது மாமி. மாமி அப்பாவின் மூத்த அக்கா. புருஷன் காலமானபின் எங்களோடு வந்திருந்து, வந்த அன்றே வீட்டுச் சாவியெல்லாம் கோத்த திறப்புக் கோர்வையை இடுப்பில் செருகிக்கொண்டவர். அப்பாவுக்குக் கந்தோரில் துரை, வீட்டில் மாமி. துரையிடமாவது லீவு கேட்கலாம். கந்தோர்க்காரனைக் கட்டியவள் கடலுக்குள் இறங்கினால் சனம் என்ன சொல்லும் என்பது மாமியின் கவலை. மாமியின் கவலைதான் எங்கள் வீட்டுச் சட்டம்.

சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று மன்னார்த் தீவின் தென்கரையைப் போட்டு அடிக்கிற மாதங்களில், வடகரையில் கீரி என்கிற ஊர்ப் பக்கத்துக் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் பட்டினத்துச் சனம் வண்டில் கட்டிக்கொண்டு அங்கே குளிக்கப் போகும். ஆண்கள் ஒரு பக்கம், பெண்களும் பிள்ளைகளும் ஒரு பக்கம். பெண்கள் உடுத்த சீலையோடு கைகோத்து இடுப்பளவில் நின்று, அலை வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு குந்தி எழும்புவார்கள். கடல் குளிப்பு என்றால் அவ்வளவுதான். எப்போதாவது ஒரு வெள்ளைக்காரத் துரைசாணி வந்து ஆழத்துக்கு நீந்திப் போவாள். அப்போது முழுக் கரையும் குளிப்பை விட்டுவிட்டு அவளைப் பார்க்கும். ஆசை தீரப் பார்த்து முடித்தபின் வெட்கமில்லாதவள் என்று ஏசும்.

அம்மாவுக்கு அந்த இடுப்பளவும் கிடையாது. இறங்கினால் இடுப்போடு நிற்கமாட்டார் என்று மாமிக்குத் தெரியும். ஆகவே மாமியோடு கரையில் இருந்து சாப்பாட்டுப் பெட்டிக்குக் காவல்.

பயணத்துக்கு முந்திய ஞாயிறு கீரிக்குப் போனோம். மாமாவும் வந்திருந்தார். சாப்பிட்டு முடிந்ததும், அம்மா கையைக் கழுவிக்கொண்டே, யாரையும் பாராமல் சொன்னார்: "மச்சாள், ஒருக்கால் இறங்கிப்போட்டு வாறன். இனி எப்ப காணப்போறன்."

அப்பா உடனே வண்டில் நிழலில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அவ்வளவு சுறுக்காக அவருக்கு நித்திரை வந்ததை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை.

மாமி சனத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். சனம் என்ன சொல்லும் என்ற பேச்சை, ஊரை விட்டே போகப் போகிறவளிடம் சொல்ல அவருக்கே மனம் வரவில்லைப் போல. "கடலிலை சுறா கிடக்கு. உமக்கு ஒண்டு நடந்தால் இந்தப் பிள்ளையை ஆர் பாக்கிறது?" என்றார்.

கீரியில் சுறா கடித்ததாக ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. ஆனால் நான் நம்பினேன். அம்மா பெட்டியை மூடத் தொடங்கினார். முகம் செத்துப்போயிருந்தது.

"அக்கா சொல்லுறது சரிதான்" என்றார் மாமா, மாமியைப் பார்த்து. "சுறாவுக்கு ஒரு வழி பண்ணாமல் இறங்கக் கூடாது. கடலைக் கட்டவேணும்."

முத்துக்குளிப்புக் காலத்தில் கடல்கட்டி என்று ஒருவர் இருப்பார். அவர் மந்திரம் சொல்லிச் சுறாக்களின் வாயைக் கட்டினால்தான் குளிகாரர் தண்ணீரில் குதிப்பார்கள். எங்களைப் போல வேதக்காரரும் சரி, பள்ளிவாசலுக்குப் போகிற சோனகரும் சரி, அவர் இல்லாமல் ஒருவரும் இறங்கமாட்டார்கள். இது மாமிக்கும் தெரிந்த சங்கதி.

"சுவாமியார் அறிஞ்சால் என்னைக் கோயில் வாசலிலை மிதிக்க விடமாட்டார்" என்றார் மாமி.

"மந்திரத்துக்குப் பதிலாய் நீங்கள் மனசுக்குள்ளை செபமாலை சொல்லுங்கோ. முடிச்சைப் பிடிக்கப் பக்தியான ஆள் ஒராள் வேணும் அக்கா. இந்தக் கரையிலை உங்களை விட்டால் வேறை ஆர் இருக்கினம்?"

மாமி கரையை ஒரு சுற்றுப் பார்த்தார். வேறு ஒருவரும் இல்லைத்தான் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. மாமா தன் முகம் துடைக்கிற லேஞ்சியில் ஒரு முடிச்சுப் போட்டு மாமியின் கைக்குள் வைத்துப் பொத்திவிட்டார். பிறகு சட்டங்களைச் சொன்னார். கடலுக்கு முதுகு காட்டி இருக்கவேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. வாய் திறக்கக் கூடாது. முடிச்சு அவிழ்ந்தால் சுறாவின் வாயும் அவிழ்ந்துவிடும். மாமி சீலைக் கொய்யகத்தை ஒழுங்குபடுத்தி, பனைகளைப் பார்த்தபடி மணலில் இருந்தார்.

என்னைக் குளிக்க வரச்சொல்லி அம்மா கூப்பிட்டார். நான் போகவில்லை. அம்மாவின் உயிர் மாமியின் கைக்குள் இருக்கும்போது எனக்கென்ன குளிப்பு? மாமியின் பக்கத்தில் இருந்து ஒரு கண்ணை முடிச்சிலும் ஒரு கண்ணைக் கடலிலும் வைத்தேன்.

அம்மா மற்றப் பெண்களோடு இடுப்பளவில் கொஞ்ச நேரம் நின்றார். சீலையை இழுத்துச் செருகினார். பிறகு தண்ணீருக்குள் சாய்ந்தார், அவ்வளவுதான். கையும் காலும் வேலை செய்கிற மாதிரியே தெரியவில்லை. தலை மட்டும் போய்க்கொண்டே இருந்தது. நங்கூரம் போட்டுக் கிடந்த வள்ளத்தையும் தாண்டிப் போனது. பயத்தோடு பயமாக எனக்குச் சந்தோஷமும் வந்தது. மாமா சொன்னதெல்லாம் உண்மை.

கரையில் சனம் எழும்பி நின்றது. பக்கத்து வண்டில்காரப் பெண் ஒருத்தி, கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, மாமியிடம் வந்தாள்.

"ஆர் அது, உங்கட தம்பியின்ர பெண்சாதியே?"

மாமி திரும்பவில்லை. "சீ. ஆரும் துரைசாணியாய் இருக்கும்" என்றார்.

எனக்குத் திக்கென்றது. மாமி வாயைத் திறந்துவிட்டார். அதோடு, பாராமலே பிழையாகவும் சொல்லிவிட்டார். அது அம்மாதான் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். மாமி என் துடையில் கிள்ளிய கிள்ளில் கண்ணீர் வந்துவிட்டது. அந்தப் பெண், "அதுதானே பாத்தன்" என்று சொல்லிக்கொண்டு போய்விட்டாள்.

கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்க்கிறேன், மாமி முடிச்சை அவிழ்த்து, லேஞ்சியால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாமி, முடிச்சு" என்றேன்.

"எங்கை நிக்கிறா?"

"வள்ளத்துக்கு அங்காலை."

"தலை தெரியுதோ?"

"தெரியுது."

"அப்ப பேசாமல் இரு."

அவிழ்த்த லேஞ்சியை மடியில் போட்டுவிட்டு மாமி பனைகளையே பார்த்தபடி இருந்தார். வெயில் முகத்தில் அடித்தது. ஒருமுறைகூடக் கடல் பக்கம் திரும்பவில்லை. நான் எனக்குத் தெரிந்த செபத்தையெல்லாம் சொன்னேன். நெடுநேரம் கழித்து அம்மா கரையேறி, சீலையைப் பிழிந்துகொண்டு, மாமாவோடு மணலில் நடந்து வந்தார். காலடிச் சத்தம் கேட்டதும் மாமி அவசர அவசரமாக லேஞ்சியில் முடிச்சைப் போட்டுக் கைக்குள் பொத்திக்கொண்டார்.

"முடிஞ்சுதோ? என்ர முதுகு முறிஞ்சு போச்சு" என்றார்.

மாமா முடிச்சைப் பக்குவமாக வாங்கி அவிழ்த்து, கடலைப் பார்த்து உதறினார். அம்மா சிரித்துக்கொண்டு நின்றார். பல்லெல்லாம் தெரிய அம்மா சிரித்து நான் கண்டது அன்றுதான்.

திரும்பி வரும் வழியில் வண்டிலின் ஆட்டத்தில் மாமி தூங்கிவிட்டார். என்னால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. அம்மாவின் காதுக்குள் எல்லாவற்றையும் சொன்னேன். மாமி கதைத்தது, அம்மாவைத் துரைசாணி என்றது, பாதியிலேயே முடிச்சை அவிழ்த்தது, பிறகு அவிழ்க்காதவர் போல நடித்தது.

அம்மா மாமியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கண் நிறைந்துவிட்டது. பிறகு, வண்டில் சட்டத்தில் இடிபட்டுக்கொண்டிருந்த மாமியின் தலையை மெல்ல எடுத்துத் தன் ஈரத் தோளில் சாய்த்துக்கொண்டார்.

எனக்கு அது விளங்கவேயில்லை. சுறா தின்றிருக்க வேண்டிய ஆள், கொஞ்சமாவது கோபப்பட வேண்டாமா? அம்மாவுக்கு வராத கோபத்தையும் சேர்த்து நானே பட்டேன். பதுளைக்கு ரயில் ஏறும்வரை நான் மாமியோடு கதைக்கவில்லை.