சுவரோரம் நின்ற வெள்ளைத் துப்பட்டி

இதை எழுதலாமா கூடாதா என்று வருஷக்கணக்கில் தயங்கினேன். எட்டாவது வரைதான் படித்தவள். அதைவிட, ஊரில் உலவும் பேய்க்கதைகளோடு நானும் ஒன்றைச் சேர்த்த மாதிரி ஆகிவிடுமோ என்ற பயம். அல்லாஹ்வின் மேல் பாரத்தைப் போட்டு இப்போது எழுதுகிறேன்.

எங்கள் வீடு பம்பாய் தாராவியில். என் கணவர் தோல் பை தைக்கிற பட்டறையில் இருந்தவர். கடற்கரைப் பக்கம் கட்டிக்கொடுத்த மகள் வீட்டுக்குப் போன இடத்தில் மவுத்தானார். மய்யித்தைக் காக்க வைக்கக்கூடாது என்று அன்றைக்கே அங்குள்ள கபுர்ஸ்தானில் அடக்கினார்கள். பழைய கபுர்ஸ்தான். சினிமா நட்சத்திரங்கள் பலர் அடங்கிய இடம். இடம் பற்றாத ஊர் இது. சில வருஷம் போனால் அதே குழியைத் தோண்டி அடுத்தவரை வைப்பார்கள். ராஜாவாக நடித்தவருக்கும் அதுதான், பை தைத்தவருக்கும் அதுதான். அதில் எனக்குக் குறையில்லை. மண் அல்லாஹ்வுடையது.

பெண்கள் உள்ளே போவதில்லை. சுவரில் கம்பி போட்ட ஜன்னல் போல ஓரிடம் உண்டு. அதன் வழியே பார்த்தால் வேப்பமரம் தெரியும், அதன் கீழே அவர். வியாழக்கிழமை மகள் வீட்டில் அஸர் தொழுதுவிட்டுப் போய், கம்பியோரம் நின்று ஸலாம் சொல்லி, யாசீன் ஓதி, இருட்டுமுன் மஃரிபுக்குள் திரும்பிவிடுவேன். எங்கள் சொந்த ஊர்ப் பெண்களைப் போல வெள்ளைத் துப்பட்டிதான் போர்த்துவேன். பம்பாயில் எல்லாரும் கறுப்பு புர்கா. அதைப் போட எனக்குத் தோன்றவேயில்லை.

ஒருநாள் மகன் பட்டறையிலிருந்து வந்ததும் மொபைலை நீட்டினான். யாரோ எதிர்ப்பக்கத்திலிருந்து எடுத்த வீடியோ. வெளிச்சத்தைக் குறைத்து ராத்திரி ஆக்கியிருந்தார்கள். ஒரு வெள்ளை உருவம் ஆடி ஆடி நிற்கிறது. அது அந்தக் காலத்துப் பெரிய நடிகையின் பேயாம். அவள் குழியில் வேறு ஆளை வைத்துவிட்டதால், நடுச்சாமத்தில் தன் இடத்தைத் தேடி அழுகிறாளாம்.

“உம்மா, இது நீங்கதானே?”

“வேற யாரு. உங்க வாப்பாகிட்ட நிக்கேன்.”

“பட்டறையில எல்லாவனும் பாத்துட்டானுவ. இனி கறுப்பு புர்கா போட்டுட்டுப் போங்க. இல்லாட்டி போவவே வேண்டாம்.”

“பேய்னு சொன்னவன விட்டுட்டு எந்துணியப் புடிக்க வாரியா?”

அவன் மொபைலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

அடுத்த வியாழக்கிழமை அங்கே ஒரே கூட்டம். டீக்கடையில் ஆளுக்கொரு கதை. ஒருவன் கொலுசுச் சத்தம் கேட்டேன் என்றான். இன்னொருவன், பேய் ஆட்டோவை நிறுத்தி ஸ்டூடியோவுக்குப் போகச் சொன்னது என்றான். மொபைலோடு நின்ற ஒரு பையனிடம் எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன்: அது பேயில்லை, நான்தான், என் வீட்டுக்காரர் உள்ளே இருக்கிறார் என்று. அவன் சிரித்தான். பேய் வருகிற இடத்தை மறைக்கிறேனாம், கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னான். என் கணவருக்கு முன்னாலிருந்து என்னையே தள்ளி நிற்கச் சொன்னான்! இன்றைக்கு நினைத்தாலும் என் ரத்தம் கொதிக்கிறது.

கூட்டம் பொறுக்காமல் கபுர்ஸ்தான் ஆட்கள் அந்தக் கம்பியைத் தகரம் வைத்து அடைத்தார்கள். மரமும் மறைந்தது, மண்ணும் மறைந்தது. எத்தனை பேரிடம் கேட்டும் திறக்கவில்லை. திறந்தால் மறுபடி கூட்டம் வரும் என்கிறார்கள்.

அந்த நடிகைக்காகவும் எனக்குக் கோபம் வருகிறது. உயிரோடு இருந்தபோது அவள் முகத்தைப் பார்க்கக் காசு கொடுத்து வரிசையில் நின்றார்கள். அவள் குழிமேல் இருந்த பெயர்க்கல்லைப் பெயர்த்தெடுத்தபோது ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. ஒரு பாத்திஹா ஓத ஆளில்லை. இப்போது தெருவில் அலைகிறாள் என்கிறார்கள். இறந்தவர் விஷயம் படைத்த ரப்பிடம் இருக்கிறது. அவளை அலையவிட நீங்கள் யார்? இவர்களை மன்னிக்க மனசு கொடு என்று துஆ கேட்கிறேன். இன்னும் வரவில்லை.

வருகிற மழை முடிந்ததும் வேப்பமரத்து வரிசையைத் தோண்டப் போவதாகக் குழி வெட்டுகிறவர் மகனிடம் சொன்னார். அதற்குள் ஒரே ஒரு தடவை அந்த மண்ணைப் பார்க்க வேண்டும். அதனால்தான் தயக்கத்தை விட்டு எழுதினேன். இன்றும் வெள்ளைத் துப்பட்டியோடுதான் போகிறேன். தகரத்தைப் பார்த்து ஸலாம் சொல்கிறேன், அந்த நடிகை அம்மாவுக்கும் சேர்த்து.

படிக்கிறவர்கள் இதை நாலு பேரிடம் சொல்லுங்கள். சொல்லும்போது உள்ளபடியே சொல்லுங்கள். அது நடுச்சாமம் இல்லை, சாயங்காலம். நான் அழவில்லை, ஓதினேன். அங்கே நின்றது ஒருவருடைய மனைவி. ஒரு கொலுசுச் சத்தம்கூடச் சேர்த்துவிடாதீர்கள்.